சேவைக்குக் கூலி கேட்கிறோமா?

– மூன்றாம் ஆண்டு, பி.ஏ. வரலாறு

முதலாண்டு மாணவனாக இருந்தபோது நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் 'தன்னலமற்ற தொண்டு' என்னும் தலைப்பில் பேசி இரண்டாம் பரிசு பெற்றவன் நான். தொண்டுக்கு விலை பேசுவது தாய்ப்பாலுக்கு விலை பேசுவதற்கு ஒப்பாகும் என்று அன்று மேடையில் முழங்கினேன். அரங்கம் கை தட்டியது. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் தட்டு இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அதே நான் இன்று, வெள்ளத்திலும் விபத்திலும் உதவிக்கு ஓடும் மாணவத் தொண்டர்களின் பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் தகுதிப் புள்ளி வழங்க வேண்டும் என்று எழுத வந்திருக்கிறேன். நாம் 'கிரெடிட்' என்று சொல்கிறோமே, அதே புள்ளிதான். இந்தக் கருத்தைத் துறையில் ஒருநாள் சொன்னபோது என் மதிப்பிற்குரிய பேராசிரியர் ஒருவர் புன்னகையோடு கேட்டார்: "என்ன தம்பி, சேவைக்குக் கூலி கேட்கிறாயா?" அன்று எனக்குப் பதில் வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். ஐயா அவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலே இக்கட்டுரை.

ஏரிக்கரையில் ஒரு மாலை

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. ஏரி நிரம்பினால் ஊருக்கே திருவிழா அல்லவா? சிறுவர்கள் வழியும் நீரில் ஆடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பாசியில் வழுக்கி ஆழத்தில் போய்விட்டான். கூக்குரல் கேட்டு நாங்கள் ஓடினோம். நீச்சல் தெரிந்த இருவர் குதித்துச் சில நிமிடங்களிலேயே அவனைக் கரையேற்றினர்.

அதன்பின் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். "தலைகீழாகப் பிடிங்கடா, தண்ணி வெளியே வரட்டும்" என்றார் ஒரு பெரியவர். இரண்டு பேர் அவன் கால்களைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினார்கள். பிறகு ஒருவர் அவனைத் தம் தலைமேல் குப்புறப் போட்டுக்கொண்டு கரையில் ஓடினார். இன்னொருவர் வயிற்றை அமுக்கினார். எல்லோரும் கத்தினோம், எல்லோரும் அழுதோம், எல்லோரும் ஏதேனும் ஒன்றைச் செய்தோம். 108 வண்டி வந்து சேர்ந்தபோது இருபது நிமிடம் கடந்திருந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர் சிறுவனை மல்லாக்கப் படுக்கவைத்து மார்பை அழுத்தத் தொடங்கியபடியே கேட்டார்: "யாராவது மூச்சு ஊதினீங்களா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிறுவன் பிழைக்கவில்லை.

அவனைத் தலைகீழாகத் தூக்கியபோது ஒரு காலைப் பிடித்திருந்தவன் நான். தொண்டின் பெருமையைப் பேசிப் பரிசு வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கை அது.

மூச்சு நின்றால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. நீரில் மூழ்கியவனுக்கு உடனே வேண்டியது காற்று. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். மார்பின் நடுவே அழுத்த வேண்டும். தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பயன் தராதது மட்டுமன்று. இருக்கின்ற சில நிமிடங்களையும் தின்றுவிடுகின்றன. இவற்றையெல்லாம் நான் பின்னால்தான் அறிந்தேன். அன்று ஏரிக்கரையில் கூடியிருந்த நாற்பது, ஐம்பது பேரில் அன்பு இல்லாதவர் ஒருவரும் இல்லை. அறிந்தவர்தாம் ஒருவரும் இல்லை.

108 சேவை நம் மாநிலத்தில் 2008 முதல் நடந்து வருகிறது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் எந்த வண்டியும் நான்கு நிமிடத்தில் எல்லா ஊருக்கும் வந்துவிட முடியாது. அந்த நான்கு நிமிடம், அங்கே ஏற்கெனவே நிற்பவர்களுக்கு உரியது. அவர்கள் யார்? நாமே. நம்மைப் போன்ற அரசு கல்லூரி மாணவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இரண்டு பேர், மூன்று பேர் இருக்கிறோம். மினி பஸ் போகாத ஊரிலிருந்துகூட நம் கல்லூரிக்கு ஒருவர் வருகிறார்.

பன்னிரண்டு நாட்கள்

2016இல் ஒன்றிய அரசு 'ஆப்த மித்ரா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் 6,000 தொண்டர்களைப் பயிற்றுவிப்பது முதல் நோக்கம். பின்னர் அது 350 மாவட்டங்களுக்கும் 1 இலட்சம் தொண்டர்களுக்குமாக விரிந்தது. இதில் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு நாள் பயிற்சி. அத்தகைய பன்னிரண்டு நாள் பயிற்சி ஒன்றில் நான் 2024 மே மாதம் சேர்ந்தேன். தீயணைப்பு நிலையத்தாரும் மருத்துவரும் செவிலியரும் கற்பித்தனர்.

என்ன கற்றோம்? ரப்பர் பொம்மையின் மார்பை நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தக் கற்றோம். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. மீண்டும் முப்பது, இரண்டு. இரண்டு நிமிடம் செய்வதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். அதனால் ஆள் மாற்றவும் கற்றோம். இரண்டு மூங்கிலும் ஒரு போர்வையும் கொண்டு தூக்குப் படுக்கை கட்டினோம். காலித் தண்ணீர்க் கேன்களையும் லாரி டியூபையும் மிதவையாக்கினோம். எரியும் எரிவாயு உருளையின் வாயை ஈரச் சாக்கால் மூடி அடைத்தோம். பாம்பு கடித்தவரின் காலை இறுக்கிக் கட்டக் கூடாது, கடிவாயைக் கீறக் கூடாது, அவரை நடக்கவிடாமல் அசையாது வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெளிந்தோம்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம் இது: காப்பாற்றப் போனவன் காப்பாற்றப்பட வேண்டியவனாக ஆகக் கூடாது. நீரில் தத்தளிப்பவரைக் கண்டால் முதலில் கழியை நீட்டு. எட்டாவிட்டால் கயிற்றை எறி. வேறு வழி ஏதும் இல்லாதபோது, அதுவும் பயிற்சியும் துணையும் இருந்தால் மட்டும் இறங்கு. இதைச் சொல்லித்தந்த தீயணைப்பு வீரர், ஒருவரைக் காக்கக் குதித்து மூவர் மாண்ட கதைகளைச் சொன்னபோது வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும்.

ஆடை நழுவும்போது கை தானே சென்று பிடிப்பதை நட்புக்கு உவமையாகச் சொன்னார் வள்ளுவப் பெருந்தகை. அந்தக் கை யோசித்துச் செல்வதில்லை. பழகிய பழக்கத்தால் செல்கிறது. ஆபத்தில் உதவும் கையும் அவ்வாறே பழகியிருக்க வேண்டும். பழகாத கைக்கு எத்தனை ஈரம் இருந்தும் என்ன? ஏரிக்கரையில் நான் கண்டது அதுதானே!

கணக்குப் பார்ப்போம்

இனிப் புள்ளிக் கணக்குக்கு வருகிறேன். நம் இளங்கலைப் படிப்புக்கு மொத்தம் 140 புள்ளிகள். அவற்றில் ஐந்தாம் பகுதியான விரிவாக்கப் பணிக்கு 1 புள்ளி. நாட்டு நலப்பணித் திட்டமாகிய என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டாண்டில் 240 மணி நேரம் உழைக்கிறார். ஏழு நாள் சிறப்பு முகாமுக்கும் போகிறார். அதற்குத்தான் இந்த ஒரு புள்ளி.

2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு புள்ளி என்று அளவு சொல்கிறது. அந்த அளவின்படி நான் பெற்ற பயிற்சியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு நாள், நாளொன்றுக்கு எட்டு மணி. ஆகத் தொண்ணூற்றாறு மணி. அதாவது மூன்று புள்ளி. ஆறு மணி நேரம் மிச்சம். 140இல் மூன்று. மலையையா கேட்கிறோம்?

இது புதுமையான கோரிக்கையும் அன்று. தேசிய மாணவர் படைப் பயிற்சியை விருப்பப் பாடமாக எடுத்துப் புள்ளி பெற வழி செய்யலாம் என்று 2021இலேயே பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. துப்பாக்கி பிடிக்கவும் அணிவகுக்கவும் பழகுவது கல்வி என்றால், நின்ற மூச்சை மீட்கப் பழகுவது கல்வி ஆகாதா? வேதியியல் மாணவர் ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் நின்று உப்பைக் கண்டுபிடித்தால் அது பாடம். அதே மாணவர் பொம்மையின் முன் மண்டியிட்டு மூன்று மணி நேரம் பழகினால் அது மட்டும் பொழுதுபோக்கா?

சேவைக்குப் புள்ளி வேண்டாம்

இப்போது பேராசிரியர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். நான் புள்ளி கேட்பது பயிற்சிக்கு, சேவைக்கு அன்று. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுத்தந்தது ஃபெஞ்சல் புயல்.

2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் மணிக்கணக்கில் நின்று மழையைக் கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. டிசம்பர் 2 விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேல் நீர் வெளியேறியது. தென்பெண்ணைக் கரையில் இருக்கிற எங்களுக்கு அந்த எண்ணின் பொருள் விளங்க அரை நாள்கூட ஆகவில்லை.

அந்த நாட்களில் நான் செய்தது என்ன? எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு தரைப்பாலம் இருக்கிறது. அதன்மேல் முழங்கால் அளவு நீர் ஓடியது. முழங்கால் அளவுதானே என்று இறங்கியவர்களை வாரிக்கொண்டு போகும் நீர் அது. நானும் இன்னும் இருவரும் இரு பக்கமும் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டு, முறை வைத்து இரண்டு பகல், இரண்டு இரவு நின்றோம். ஒருவரையும் கடக்கவிடவில்லை. மாட்டைத் தேடி வந்தவர் திட்டினார். பால் கேனோடு வந்தவர் கெஞ்சினார். "நீ யாருடா என்னைத் தடுக்க?" என்று பைக்கை முறுக்கிய ஒருவரின் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டதற்கு ஓர் அறையும் வாங்கினேன்.

நான் யாரையும் காப்பாற்றவில்லை. எந்தப் பத்திரிகையிலும் படம் வரவில்லை. கயிறு இல்லாதிருந்தால் யார் போயிருப்பார், எத்தனை பேர் போயிருப்பார் என்பதை எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. இதற்கு எத்தனை புள்ளி தருவீர்கள்? வாங்கிய அறைக்கு அரைப் புள்ளியா?

ஆகவே சொல்கிறேன்: சேவையை அளக்கக் கூடாது; அளக்கவும் முடியாது. அளக்கத் தொடங்கினால் அமைதியாகக் கயிற்றருகே நிற்க யாரும் வரமாட்டார்கள். எல்லோரும் புகைப்படம் எடுக்கும் இடத்தில்தான் நிற்பார்கள். சேவைக்குப் புள்ளி வேண்டாம். ஆனால் அந்தக் கயிற்றை எங்கே கட்ட வேண்டும், எந்த முடிச்சு நீரின் இழுப்பில் அவிழாது, ஓடும் நீரின் வேகத்தை எப்படிக் கணிப்பது என்பவை கற்ற கல்வி. கல்வியை அளப்பது கல்லூரியின் கடமை அல்லவா?

தண்டனையும் வேண்டாம்

சேவைக்குப் பரிசு வேண்டாம் என்று சொன்ன நான், அதற்குத் தண்டனையும் வேண்டாம் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என்னோடு பயிற்சி பெற்ற நண்பன் ஒருவன் வேறொரு மாவட்டத்துக் கல்லூரியில் படிக்கிறான். புயல் வந்ததும் கரையோரத்திலுள்ள தன் ஊருக்கு வந்துவிட்டான். முதியோரைப் பள்ளிக் கட்டடத்துக்கு மாற்றுவதிலும், நீர் வடிந்தபின் சேறு வாருவதிலும், குடிநீர் வழங்குவதிலும் ஐந்து நாள் நின்றான். அவன் கல்லூரி இருந்த ஊரில் வெள்ளம் இல்லை, விடுமுறையும் இல்லை. அந்த வாரத்தில் ஒரு பருவத் தேர்வு நடந்தது. சாலை துண்டிக்கப்பட்ட ஊரிலிருந்து அவனால் போய்ச் சேர முடியவில்லை.

மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு நேரே அவன் 'ஆப்சென்ட்'. ஊருக்கே வந்து நின்றவனை ஏடு 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டது.

கிராம நிர்வாக அலுவலரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான். அங்கிருந்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். "நல்ல காரியம்தான் தம்பி, ஆனால் விதியில் இதற்கு இடமில்லையே" என்றார்கள். உண்மைதான். விளையாட்டுப் போட்டிக்குப் போனவருக்குப் பணிநிமித்த வருகை உண்டு, நாம் 'ஓ.டி.' என்கிறோம். கலைவிழாவுக்குப் போனவருக்கும் உண்டு. வெள்ளத்துக்குப் போனவருக்கு மட்டும் விண்ணப்பத்தில் கட்டம் இல்லை. அடுத்த பருவத்தில் அரியர் கட்டணம் கட்டி எழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டான். ஆனால் முதல் முயற்சியிலேயே எல்லாப் பாடமும் தேறியவருக்கே உரிய தரவரிசை அவனுக்கு இல்லாமற் போயிற்று. அவன் அதைப்பற்றிப் பேசுவதில்லை. அவன் அம்மா பேசுகிறார்: "இனிமே எங்க வெள்ளம் வந்தாலும் நீ பரீட்சைக்குப் போடா." அந்தத் தாயின் சொல்லில் ஒரு நல்ல தொண்டனை நாடு இழக்கிறது.

சாலையில் அடிபட்டவருக்கு உதவுபவரை வழக்கு, சாட்சி என்று அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்பு அளித்தது. உதவியவன் அதனாலேயே துன்பப்படக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். நீதிமன்றம் சாலையில் ஏற்றுக்கொண்ட நியாயத்தைத் தேர்வுக்கூடமும் ஏற்றுக்கொண்டால் போதும்.

ஓய்வு யாருக்கு உண்டு?

"புள்ளி இல்லாவிட்டால் என்ன, ஆர்வமுள்ளவர்கள் வரட்டுமே" என்பார் உண்டு. அவர்கள் நம் கல்லூரி வாயிலில் மதியம் ஒரு மணிக்கு வந்து நிற்க வேண்டும். முதல் சுழற்சி முடிந்து வெளியே வருகிறவர்களில் எத்தனை பேர் நேரே வீட்டுக்குப் போகிறார்கள்? ஒருவர் ஜவுளிக்கடைக்கு, ஒருவர் மெடிக்கலுக்கு, ஒருவர் செங்கல் சூளைக்கு, ஒருவர் கல்யாண மண்டபத்தில் பரிமாறுவதற்கு. நான் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போகிறேன். பன்னிரண்டு நாள் பயிற்சிக்காக நான் இழந்த கூலி எங்கள் வீட்டு அரிசிக் கணக்கில் தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை; அம்மா கடனுக்கு வாங்கினார்.

ஓய்வும் வசதியும் உள்ளவர்களே தொண்டு செய்ய முடியும் என்றால், தொண்டு என்பது வசதியுள்ளவர் அணியும் நகையாகிவிடும். ஆனால் வெள்ளம் வருவது எங்கே? ஆற்றோரக் குடிசைக்கு. நெருப்புப் பிடிப்பது எங்கே? கூரை வீட்டில். பயிற்சி முதலில் போய்ச் சேரவேண்டியதும் அங்கிருந்து வருகிற மாணவருக்குத்தான். அவரிடம் இருக்கும் ஒரே செல்வம் நேரம். அந்த நேரத்தைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால், படிப்பா பயிற்சியா என்று அவர் திண்டாட வேண்டியதில்லை. புள்ளி என்பது அவருக்குத் தரும் கூலியன்று. அவர் உள்ளே வரத் திறந்துவைக்கும் கதவு.

எதிர்வாதங்கள் இரண்டு

முதல் வாதம்: புள்ளி என்றால் போலிச் சான்றிதழும் கூடவே வரும். இதை நான் மறுக்கவில்லை. முகாமின் முதல் நாள் படத்திலும் கடைசி நாள் படத்திலும் மட்டும் காணப்படும் முகங்களை நாம் அறியாதவர்களா? இதற்கு மருந்து செய்முறைத் தேர்வு. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் புள்ளி தரக் கூடாது. தீயணைப்பு நிலைய அலுவலரோ மருத்துவரோ புறத்தேர்வாளராக வரட்டும். பொம்மையின் மார்பை இரண்டு நிமிடம் சரியாக அழுத்திக்காட்ட வேண்டும்; ஒரு முடிச்சைக் கண்ணை மூடிப் போட்டுக்காட்ட வேண்டும்; ஒரு கட்டுப் போட வேண்டும். முடியாதவர் அடுத்த முறை வரட்டும். பொம்மைக்குச் சிபாரிசு தெரியாது. கற்றதும் பழக்கமில்லாவிட்டால் மறந்துபோகும். ஆதலால் ஆண்டுதோறும் ஒரு நாள் மறுபயிற்சியும் வேண்டும்.

இரண்டாம் வாதம்: புள்ளி ஆசையால் மாணவர்கள் ஆபத்தில் குதிப்பார்கள். சேவைக்குப் புள்ளி இல்லை என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே மற்றொரு காரணம். குதித்தால் புள்ளி கிடைக்காது. எப்போது குதிக்கக் கூடாது என்று கற்றால்தான் கிடைக்கும். பயிற்சியில்லாத துணிவே உயிரைக் குடிக்கிறது. பயிற்சியுள்ள துணிவு கரையில் நின்று கயிறு எறிகிறது.

பிற நாட்டாரிடம் கற்கலாம்

டென்மார்க் நாட்டில் 2005 முதல் பள்ளியிலும் 2006 முதல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்களில், அருகிலிருந்தவர் மார்பை அழுத்தி உதவியது 2001இல் நூற்றுக்கு 21 பேருக்கு. 2010இல் நூற்றுக்கு 45 பேருக்கு. ஒரு மாதத்துக்குப் பின்னும் உயிரோடிருந்தவர் நூற்றுக்கு மூன்றரையிலிருந்து ஏறத்தாழ பதினொன்றாக உயர்ந்தனர். இந்த உயர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், பயிற்சி பெற்ற பொதுமக்களின் பங்கு சிறிதன்று. வேண்டுகோளால் ஆகாதது, பாடமாக வைத்ததால் ஆயிற்று.

ஜெர்மனியில் 1950இல் தோன்றிய தொழில்நுட்பத் துயருதவி அமைப்பில் பணியாற்றுவோர் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்களே. அவர்கள் பயிற்சிக்கோ பேரிடருக்கோ அழைக்கப்பட்டால் முதலாளி விடுவிக்க வேண்டும், ஊதியத்தைப் பிடிக்கக் கூடாது, அந்தச் செலவைத் தனியார் முதலாளிக்கு அரசு ஈடுசெய்யும் என்பது சட்டம். தொண்டுக்கு அங்கே கூலி கொடுக்கவில்லை. தொண்டு செய்தவன் கூலியை இழக்கவிடவில்லை, அவ்வளவே. நான் கேட்பதும் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

கேட்பது மூன்று

ஒன்று, பன்னிரண்டு நாள் பேரிடர் மற்றும் முதலுதவிப் பயிற்சியை எல்லாத் துறை மாணவரும் எடுக்கத்தக்க விருப்பப் பாடமாக்கி, செய்முறைத் தேர்வின் அடிப்படையில் மூன்று புள்ளி வழங்க வேண்டும். அது கோடை விடுமுறையிலேயே நடக்கலாம். வகுப்புக்கு இடையூறு இல்லை.

இரண்டு, தேர்ச்சி பெற்ற தொண்டரை மாவட்ட நிர்வாகம் அழைக்கும்போது, அந்த நாட்களுக்குப் பணிநிமித்த வருகை தர வேண்டும். தவறிய தேர்வை முதல் முயற்சியாகவே மீண்டும் எழுத அனுமதிக்க வேண்டும்.

மூன்று, அவர் ஆற்றிய பணியின் நாட்களையும் இடத்தையும் மட்டும் ஒரு சான்றில் குறித்துத் தர வேண்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம், தரவரிசை வேண்டாம், பாராட்டுச் சொல்கூட வேண்டாம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. தீயணைப்பு நிலையம் பேருந்து நிலையத்துக்கு அப்பால் இருக்கிறது. அரசு மருத்துவமனை அதனினும் அருகில். இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் நாட்டு நலப்பணித் திட்டமும் கல்லூரிகளில் வேரூன்றி நிற்கின்றன. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் நாடெங்கும் பரவியது போல, இதுவும் பரவ முடியும். என்.எஸ்.எஸ்., என்.சி.சி. உள்ளிட்ட அமைப்புகளின் இளைஞர்கள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பேரிடர்ப் பயிற்சி தர 'யுவ ஆப்த மித்ரா' என்னும் திட்டமும் வகுக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி வருகிறது, அதை ஏற்கப் பாடத்திட்டத்தில் ஓர் இடம்தான் இல்லை. பாடத்திட்டக் குழுவில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் அந்த இடம் பிறக்கும்.

என் மாணவத் தோழர்களே! புள்ளி வரட்டும், பிறகு கற்போம் என்று காத்திருக்க வேண்டாம். ஆபத்து பாடத்திட்டம் பார்த்து வருவதில்லை. இந்தக் கோடையிலேயே ஐந்து பேர் சேர்ந்து தீயணைப்பு நிலையக் கதவைத் தட்டுங்கள். கற்றுத்தர அவர்கள் காத்திருக்கிறார்கள்.

பேராசிரியர் ஐயா அவர்களே! நான் கூலி கேட்கவில்லை. அந்த ஏரிக்கரைச் சிறுவன் இருந்திருந்தால் இப்போது ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பான். அவன் காலைப் பிடித்த என் கைக்கு அன்று தேவைப்பட்டது புள்ளி அன்று, படிப்பு. அந்தப் படிப்பை எனக்குப் பின் இந்த வாயிலில் நுழைகிற ஒவ்வொருவருக்கும் கல்லூரியே சொல்லித்தர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.